வேலையை விடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: சார், மூணு வருஷமா ஒரே கம்பெனி. சம்பளம் பரவாயில்லை, யாரும் திட்டறதும் இல்லை. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைப் பிசையுது. வேலை சரியில்லையா, இல்ல நான்தான் சரியில்லையா?

பதில்: "வேலை பிடிக்கலை" என்று சொல்கிறவர்களிடம் தோண்டிக் கேட்டால் ஐந்தில் ஒரு புகார் வெளியே வரும். செய்கிற பணி, மேலே இருப்பவர், நிறுவனம், துறை, அல்லது வெறும் களைப்பு. இதில் எது என்று தெரியாமல் ராஜினாமா கொடுத்தால் பழைய புகாரே புது நாற்காலியில் வந்து உட்காரும். நிறுவனம் மாறுவதால் துறை மாறாது, துறையை மாற்றுவதால் களைப்பு தீராது.

பிரித்துப் பார்க்க இரண்டு வாரக் குறிப்பு போதும். ஒரு தாளில் நாலு பத்தி போடுங்கள்: நேரம், செய்துகொண்டிருந்த காரியம், கூட இருந்தவர், மதிப்பெண். மதிப்பெண் −2 முதல் +2 வரை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை என எழுதினால் 10 வேலை நாளில் 30 வரி சேரும். ராத்திரி உட்கார்ந்து நாள் முழுவதையும் நினைவிலிருந்து எழுதினால், சாயங்காலம் நடந்த ஒரு வாக்குவாதம் காலையில் நன்றாகப் போன வேலையையும் கறுப்பாக்கிவிடும். அப்ரைசல் வாரம், கணக்கு முடிக்கும் மாதக் கடைசி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். "மீட்டிங்" என்று மட்டும் எழுதுவதும் உதவாது. வாடிக்கையாளரிடம் விலை பேசிய மீட்டிங் வேறு, யார் எதை முடித்தார்கள் என்று ஒப்பிக்கும் மீட்டிங் வேறு.

பிறகு இரண்டு விதமாகக் கூட்டுங்கள். காரியவாரியாக ஒரு கூட்டல், ஆள்வாரியாக ஒரு கூட்டல். மைனஸ் எல்லாம் ஒரே ஆள் இருக்கும் வரிகளில் குவிந்தால் அது ஆள் பிரச்சினை. ஒரே வகைக் காரியத்தில் குவிந்தால் பணியின் அமைப்புப் பிரச்சினை. எந்த வேலை, எந்த ஆள் என்றில்லாமல் எல்லா வரியும் −1 என்றால் களைப்பைச் சந்தேகியுங்கள். திங்கள் காலை −2, ஆனால் 11 மணிக்கே +1 என்று வந்தால், உங்களை வாட்டுவது வேலையே அல்ல. வாரத்தின் முதல் வேலை என்ன என்று தெளிவில்லாமல் போய் உட்காருவதுதான். வெள்ளிக்கிழமை கிளம்புமுன் திங்களின் முதல் இரண்டு மணி நேரத்துக்கான வேலையை எழுதி வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். இதற்காகவெல்லாம் ராஜினாமா தேவையில்லை.

கேள்வி: சம்பளம் ஏத்திக் கொடுத்தா பிடிச்சுப் போயிடுமா?

பதில்: எரிச்சல் குறையும், ஆர்வம் வராது. உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். சம்பளம், மேற்பார்வை, கம்பெனி விதிகள் ஆகியவை மோசமாக இருந்தால் மனம் கசக்கும். நன்றாக இருந்தால் கசப்பு நிற்கும், அவ்வளவுதான். ஈடுபாடு வருவது வேலையிலிருந்தும், பொறுப்பிலிருந்தும், சாதித்த உணர்விலிருந்தும். இந்தக் கோடு அவர் போட்ட அளவுக்குத் துல்லியமானதா என்று பின்னால் நிறையப் பேர் வாதிட்டார்கள். ஆனால் சொந்தப் புகாரைத் தரம்பிரிக்க இது நல்ல கருவி. சந்தை நிலவரத்தைவிடக் குறைவாக வாங்குகிறீர்கள் என்பதே புகார் என்றால் மட்டும் சம்பளம் மருந்து.

கேள்வி: அண்ணா, எனக்கு மேனேஜர் ஒருத்தர்தான் பிரச்சினை. வேலை பிடிச்சிருக்கு. டீம் மாறினா போதுமா?

பதில்: போதும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் உள்மாற்றல் விதியைப் படியுங்கள். இப்போதைய மேனேஜரின் ஒப்புதல் வேண்டுமா, இந்தப் பதவியில் குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கும். ஒப்புதல் தேவை என்றால், போக விரும்பும் டீமின் தலைவரிடம் முதலில் பேசி அங்கே இடம் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் இவரிடம் வாய் திறக்க வேண்டும். இடமே இல்லாமல் விருப்பத்தை மட்டும் சொன்னால், போகவும் முடியாது, அவர் கீழே நிம்மதியாக இருக்கவும் முடியாது.

மாற்றல் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: "உனக்குப் பதில் ஆள் வந்ததும் அனுப்புகிறேன்." ஆள் வரவே வராது. மெயிலில் தேதி கேட்டு வாங்குங்கள். புது மேனேஜர் அடுத்த மாதமே வேறு பிரிவுக்குப் போகிறவராக இருக்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலையை விடாம அதே வேலையை மாத்திக்க முடியுமா? "மோட்டிவேஷன் இல்லை"ன்னு மேனேஜர்ட்ட சொன்னேன், ஒரு ட்ரெய்னிங்ல சேர்த்து விட்டுட்டார்.

பதில்: அந்த வார்த்தைக்கு அந்தப் பதில்தான் வரும். மேனேஜரால் உணர்ச்சியை மாற்ற முடியாது, வேலைப் பங்கீட்டை மாற்ற முடியும். அதனால் கேட்பதைப் பங்கீட்டின் மொழியில் கேளுங்கள். "வாராந்திர அறிக்கைக்கு 6 மணி நேரம் போகிறது. அதை ஒரு பக்கமாகச் சுருக்கித் தருகிறேன். மிச்சமாகும் நேரத்தில் புது வாடிக்கையாளர்களின் முதல் சந்திப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆறு வாரம் கழித்து எப்படிப் போகிறது என்று பார்க்கலாம்." ஒன்றைக் கழித்து, ஒன்றைச் சேர்த்து, தேதி வைக்கிற கோரிக்கைக்கு "இல்லை" சொல்வது கஷ்டம். ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னீவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-ல் இப்படி வேலையைத் தானே வடிவமைத்துக்கொள்வதை விவரித்தார்கள். செய்கிற பணிகள், பழகுகிற ஆட்கள், வேலையைப் பார்க்கிற கோணம் என மூன்று இடத்தில் கை வைக்கலாம். என் கணக்கில் முதல் இரண்டும்தான் சீக்கிரம் பலன் தரும்.

கேள்வி: ரெண்டு வாரம் லீவு எடுத்தும் சரியாகலை. இது பர்ன்அவுட்டா?

பதில்: பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலை உங்களை வற்றடித்துவிடும் நிலைக்கு, உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக்கின் ஆய்வுவழி வந்த மூன்று அடையாளங்கள் உண்டு: ஒட்ட உறிஞ்சிய சோர்வு, வேலைமீதும் அதில் வரும் மனிதர்கள்மீதும் விலகலும் ஏளனமும், "நான் செய்வது எதுவும் உருப்படாது" என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதே மூன்றைச் சொல்லித்தான் விவரித்தது. நோய் என்று அல்ல, வேலை சார்ந்த நிலை என்று.

லீவில் கவனிக்க வேண்டியது நாலாவது, ஐந்தாவது நாள். வேலைக்கு வெளியே உங்களுக்குப் பிடித்தவற்றில் ருசி திரும்பியதா? திரும்பி, வேலைக்குப் போனதும் மறுபடி வற்றியது என்றால் காரணம் வேலையில் இருக்கிறது. அப்போது சுமை, கட்டுப்பாடு, நேரம் மூன்றில் எது வற்றடிக்கிறது என்று பாருங்கள். ருசி எதிலுமே திரும்பவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் முதலில் டாக்டர். மனச்சோர்வாக இருக்கலாம். அந்த நிலையில் எல்லாக் கதவும் மூடியதாகவே தெரியும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே உதவி தேடுங்கள். ராஜினாமா முடிவை அதுவரை ஒத்திப்போடுங்கள், மருத்துவ விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: கையில வேற வேலை இல்லாம விடலாமா சார்? எத்தனை மாசச் செலவு கையில இருக்கணும்?

பதில்: "ஆறு மாதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதை நம்பாமல் உங்கள் எண்ணை நீங்களே போடுங்கள்.

கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, வேலை இல்லாவிட்டாலும் நிற்காத செலவுகளை மட்டும் கூட்டி மூன்றால் வகுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு ஆகியவற்றைப் பன்னிரண்டால் வகுத்து இதில் சேர்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு போய்விடுமானால், சொந்தமாக எடுக்கும் தொகையும் சேரும். வந்த தொகைதான் ஒரு மாதச் செலவு.

இனி மாதங்கள். உங்கள் துறையில், உங்கள் மட்டத்தில், சமீபத்தில் வேலை மாறிய மூன்று பேரிடம் முதல் விண்ணப்பத்திலிருந்து ஆஃபர் வரை எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். மூன்றில் அதிகமானதை எடுங்கள், சராசரியை அல்ல. அது 4 என்று வைத்துக்கொண்டால், சேரும் தேதி தள்ளிப்போக 1, முதல் சம்பளம் கைக்கு வர 1, எதிர்பாராததற்கு 2. மொத்தம் 8 மாதச் செலவு. ஓய்வுக்காலச் சேமிப்பை இதில் எண்ணாதீர்கள். கம்பெனியிலிருந்து வரவேண்டிய இறுதிக் கணக்குத் தொகை கணக்கில் ஏறும்வரை அது உங்கள் பணமல்ல.

எண் எட்டவில்லை என்றால் வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள். சம்பளப் பேச்சிலும் கை ஓங்கியிருக்கும். விதிவிலக்கு உண்டு. பாலியல் தொல்லை, உடம்புக்கு ஆபத்து, மாதக்கணக்கில் வராத சம்பளம், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்வது. இவற்றில் எட்டு மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. ஆதாரங்களைப் பத்திரப்படுத்தி, சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை பேசிவிட்டு வெளியேறுங்கள்.

கேள்வி: பத்து வருஷம் இந்தத் துறையில போட்டாச்சு. இப்ப விட்டா அத்தனையும் வீண்தானே?

பதில்: போன பத்து வருடம் இருந்தாலும் திரும்பாது, போனாலும் திரும்பாது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், நாடக சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த காசு மட்டும்தான் வேறு. ஏற்கெனவே போன காசுதான் அவர்களை இழுத்தது, உங்களைப் பத்து வருடம் இழுப்பதுபோல.

ஆனால் "பழசை மறந்துவிடு" என்று மொத்தமாகச் சொல்வதும் தப்பு. இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில் இனிமேல் வரப்போவது: அடுத்த போனஸ் தேதி, கைக்கு வர இன்னும் சில மாதமே இருக்கும் பங்குகள், பணிக்காலப் பலன். இவை எதிர்காலப் பணம், கட்டாயம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் பொறுத்தால் போனஸ் என்றால் பொறுங்கள். இன்னொன்றில் எங்கே போனாலும் கூடவே வருவது: ஆள் தொடர்புகள், பேரம் பேசும் திறமை, குழுவை நடத்திய பழக்கம். இரண்டிலும் சேராததுதான் போனது. பெரும்பாலும் அது பதவிப் பெயரும், அந்த ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர் பற்றிய அறிவுமாகத்தான் இருக்கும்.

கேள்வி: யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. காசு சுண்டிப் போட்டுடவா?

பதில்: சிரிக்க வேண்டாம், இதை ஒருவர் ஆராய்ந்தே இருக்கிறார். பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்ட வைத்தார். 20,000-க்கு மேற்பட்ட சுண்டல்கள். பெரிய விஷயங்களில் மாற்றத்தை எடுத்தவர்கள், ஆறு மாதம் கழித்து, பழையபடியே இருந்தவர்களைவிடத் தாங்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் வந்தவர்கள் ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்கள், பதில் அவர்களே சொன்னது. ஆகவே இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது சின்னதுதான்: கணக்கெல்லாம் போட்டும் தராசு சமமாக நின்றால், மாற்றத்தின் பக்கம் சாயலாம். கணக்கே போடாதவருக்கு இது பொருந்தாது.

கேள்வி: வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.

பதில்: மேலே சொன்ன எட்டு மாதத் தாளைக் காட்டுங்கள். அவர்கள் பயம் பெரும்பாலும் "அடுத்த மாசம் என்ன ஆகும்" என்பதுதான். "மனசு சரியில்லை" என்ற பேச்சு அந்தப் பயத்துக்குப் பதிலாகாது.

கேள்வி: சேர்ந்து நாலே மாசம். அதுக்குள்ள விட்டா தப்பாத் தெரியுமா?

பதில்: சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று என்றால் சீக்கிரம் விடுவதே நல்லது. சோதனைக் காலத்தில் நோட்டீஸ் பீரியட் பொதுவாகக் குறைவாகவும் இருக்கும். வேலை சொன்னதுதான், இன்னும் பிடிபடவில்லை என்றால் பொறுங்கள். தொடக்க மாதங்களில் தடுமாறுவது சகஜம்.

கேள்வி: புது வேலையும் ஆறு மாசத்துல கசந்துட்டா?

பதில்: கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். வெண்டி பாஸ்வெலும் சக ஆய்வாளர்களும் 2005-ல் மேலாளர்களிடம் கண்டதும் அதுதான். வேலை மாறியதும் திருப்தி ஏறும், பிறகு இறங்கும். இறங்கிய பிறகும் தாங்குமா என்பதை இன்டர்வியூவிலேயே சோதிக்கலாம். "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போனார்?" என்று கேளுங்கள். "போன செவ்வாய்க்கிழமை இந்த வேலையில் இருப்பவர் காலையிலிருந்து என்னென்ன செய்தார்?" என்று கேளுங்கள். கலாசாரம் பற்றிக் கேட்டால் விளம்பரம் வரும், செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். உங்கள் குறிப்பில் −2 வாங்கிய காரியம் அந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து விலகிய இரண்டு பேரிடமாவது பேசுங்கள்.

கேள்வி: ராஜினாமா கொடுத்ததும் "எவ்வளவு வேணும்னு சொல்லு, இருந்துடு"ங்கறாங்க.

பதில்: உங்கள் குறிப்பில் சம்பளம் முதல் புகாராக இருந்ததா? இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இருந்தது என்றால், தொகையும் அமலாகும் தேதியும் கடிதமாக வந்த பிறகே புதுக் கம்பெனியின் ஆஃபரை மறுக்க வேண்டும். அங்கே அந்தக் கதவு மறுபடி திறப்பது அபூர்வம்.

கேள்வி: சரி, முடிவு பண்ணிட்டேன். எந்த வரிசையில செய்யணும்?

பதில்: ஆஃபர் லெட்டரில் "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று இருந்தால் அது முடிந்ததாக மெயில் வரும்வரை இங்கே வாய் திறக்காதீர்கள். நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள். இதற்கிடையில் பழைய ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் நாட்கள், பாண்டு (இத்தனை காலம் இருப்பேன் என்ற உறுதி), போட்டி நிறுவனத்தில் சேரத் தடை, மிச்ச லீவுக்குப் பணம் உண்டா என்பவற்றைப் படியுங்கள். சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் கடிதங்கள், வரிச் சான்றுகளைச் சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஃபைல்களைத் தொடாதீர்கள், ஒன்றே ஒன்று போதும் சிக்கலுக்கு.

பிறகு மேனேஜரிடம் நேரில் சொல்லி, அதே நாளில் எச்.ஆருக்கும் சேர்த்து மெயில். நாலு வரி போதும்: ராஜினாமா செய்கிறேன், ஒப்பந்தப்படி என் கடைசி நாள் இது, பொறுப்புகளை ஒப்படைக்கும் பட்டியலை இந்தத் தேதிக்குள் தருகிறேன், கடைசி நாளை உறுதிசெய்து பதில் அனுப்பவும். காரணம் எழுத வேண்டாம். நாலாவது வரிக்குப் பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் நினைவூட்டுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு புது இடத்தில் சேரும் தேதியைச் சொல்லுங்கள்.