சமதளத்தில் 30 கி.மீ. ஓடுகிறேன், மலைப்பாதையில் 20 கி.மீ.யிலேயே தொடை துவண்டுபோவது ஏன்?

எல்லோரும் ஏற்றத்தைத்தான் திட்டுவார்கள். தொடையைப் பதம்பார்ப்பது பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அதில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சேதமாகின்றன. மூச்சு வாங்காததால் அந்த நேரத்தில் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ மாடிப்படி இறங்கும்போது தெரியும்! ஆனால் ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை நன்றாகவே தாங்கும். அதனால் பயிற்சியில் இறக்கத்தைத் தவிர்க்காதீர்கள். குறைவாகத் தொடங்கிக் கூட்டுங்கள்.

அப்புறம், கிலோமீட்டர் கணக்கை விடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போனாலே ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். ஓடிய நேரத்தையும் ஏறிய உயரத்தையும் பாருங்கள். செங்குத்தான இடத்தில் தாராளமாக நடக்கலாம்; ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையைச் சுற்றும் ஏறத்தாழ 170 கி.மீ. ஓட்டப் பந்தயத்தில் முன்னணி வீரர்களே நடக்கிறார்கள்.

இறக்கத்தில் எட்டைச் சுருக்குங்கள். பார்வை காலடியில் வேண்டாம், நாலைந்து எட்டு முன்னால் இருக்கட்டும். காபித் தோட்டப் பாதைகளில் சில்வர் ஓக் சருகுக்கு அடியில் கல் ஒளிந்திருக்கும், அங்கே மட்டும் வேகத்தை மறந்துவிடுங்கள். கால் நகத்தை வெட்டிவிட்டுப் போவதும் நல்லது. ஷூ முனையில் இடித்து இடித்தே நகம் கறுத்துவிடும்.