அண்ணன் வீட்டுச் சாமத்தியவீட்டுக்குப் போகவா?

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில் ஒரு ஒதுக்குப்புறக் கிராமத்தவள். 2006இல் சம்பூர்ப் பக்கம் எல்லோரும் போரால் இடம்பெயர்ந்தபோது அப்பாவின் செம்மறிகளும் போய்விட்டன. ஊர் திரும்பிய பிறகு அவரும் அண்ணனும் மறுபடி ஒரு பட்டியை உண்டாக்கினார்கள். அப்பா சாகுமுன் பன்னிரண்டு பெட்டை மறிகளைக் காதில் அடையாளம் வெட்டி எனக்குத் தந்தார். இரண்டு கிழமைக்குள் அதில் ஏழு மறிகள் அண்ணனின் பட்டியில் நின்றன. கேட்டால், "தானாக வந்தது, நான் என்ன செய்ய?" என்றார். கள்ளன் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகக் கதை பேச்சு இல்லை. இப்போது அவருடைய மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. அண்ணி மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார். போவதா, பொலிசில் முறைப்பாடு செய்வதா?

பதில்: போங்கள், சகோதரி. மருமகளுக்குத் தண்ணீர் வார்க்க மாமி நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் ஏழு மறிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி ஆட்டுக் கதைக்கு வருவோம். பிரித்த செம்மறி பழைய பட்டியை லேசில் மறக்காது. ஒன்று தலையைத் தூக்கிக் கத்திக்கொண்டு வந்த வழியைப் பிடித்தால் மற்றவையும் பின்னால் போகும். புது இடத்தில் கொஞ்ச நாள் அடைத்துவைத்து, அங்கேயே தீனியும் தண்ணீரும் காட்டிப் பழக்க வேண்டும். நீங்கள் அடைத்து வைத்ததாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவிழ்த்து விட்டிருந்தால் அவை நடந்தே போயிருக்கும்.

அதற்காக அண்ணன் நல்லபிள்ளை ஆகிவிடமாட்டார். காதுவெட்டு தெரியாதவரா அவர்? மறுநாளே ஓட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கலாம். மூன்று வருடக் குட்டிகளையும் தன் கணக்கில் வைத்துக்கொண்டது சரியில்லை. ஆக, கள்ளன் என்றது அதிகம், கணக்குக் கேட்பது நியாயம். இரண்டையும் ஒரே வாயால் கேட்டதில்தான் காரியம் கெட்டது.

கணக்குக்கு, வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்க்கும் வழக்கம் இருக்கிறதே. ஆடு உங்களுடையது, பாடு அவருடையது என்றால் குட்டியில் பாதி பாதி. செம்மறி ஐந்து மாதம் சுமக்கும். வருடத்துக்கு ஓர் ஈற்று, ஈற்றுக்கு ஒரு குட்டி என்று குறைத்துப் பிடித்தாலும் ஏழு மறிகளுக்கு இருபத்தொரு குட்டி. அதில் செத்தது, நாய் கடித்தது எல்லாம் கழியும். விற்றதற்கு மட்டும் காசுக் கணக்குக் கேளுங்கள். அத்தனை குட்டியையும் உயிரோடு கேட்டு அடம்பிடிக்காதீர்கள். மாரி மழையில் குளம்பு அழுகி நொண்டும் ஆட்டுக்கு ராவில் விளக்குப் பிடித்து மருந்து போட்டவர் அவர்.

இதைப் பேச, அப்பாவோடு ஆடு மேய்த்த ஒருவரைக் கூப்பிடுங்கள். சண்டையை ரசிக்கும் சொந்தக்காரர் வேண்டாம். அதற்கும் அண்ணன் மசியாவிட்டால் இரு பக்கத்தையும் இருத்திச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களும் அண்ணனும் நேரே பேச வேண்டும். பொலிசுக்குப் போனாலும் இப்படியான சிறு தகராறுகள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும்.

  சாமத்தியவீட்டன்று நீங்கள் சனம் சேருமுன் விடியவே போய்விடுங்கள். குசினிக்குள் அண்ணியோடு நின்றால் யாரும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள். அண்ணன் எதிர்ப்பட்டால், "அண்ணா, நான் அண்டைக்குச் சொன்ன சொல்லுப் பிழை" என்று மட்டும் சொல்லுங்கள். ஆட்டைப் பற்றி அன்று வாய் திறக்க வேண்டாம். அவர் முகம் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு கணக்குப் பேசும்போது ஒரு கிடாயையும் சேர்த்துக் கேளுங்கள். அது உங்கள் மறிகளோடு இரத்த உறவில்லாத வேறு கால்வழியிலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். வந்த ஆடுகளை இந்த முறையாவது அடைத்துவையுங்கள்.