பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர்

கேள்வி: எனக்கு வயது 36. திருமணமாகி 11 வருடம், இரண்டு பிள்ளைகள். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். குடி, சிகரெட் கிடையாது. ஆனால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச மாட்டார். இரண்டு வருடமாக ராத்திரியில் கொரியன் சீரியல் பார்க்கிறேன். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' ஜோடியையும் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' குவான்-சிக்கையும் பார்த்தால், இப்படி ஒருத்தர் எனக்கு வாய்க்கவில்லையே என்று அழுகை வருகிறது. ஒருநாள் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்கிலீஷ் எழுத்து வேகமா ஓடுது" என்று பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். ரசனையே இல்லாத மனிதரோடு மீதிக் காலத்தை எப்படி ஓட்டுவது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை அம்மா. முன்பெல்லாம் நம்மூர் ஹீரோ பெயரோடு வரும், இப்போது கொரியப் பெயரோடு வருகிறது, அவ்வளவுதான். ஆறுதலுக்கு வேறு யாராவது கிடைப்பார்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது. "நானும் விட்டுவிட்டேன்."

எதை விட்டீர்கள்? நாள் முழுக்க இரும்புத் தூளிலும் சத்தத்திலும் நின்றுவிட்டு வந்த மனிதர், படுத்துத் தூங்காமல், பெண்டாட்டி ராத்திரி ராத்திரி எதைப் பார்த்து அழுகிறாள் என்று வந்து உட்கார்ந்திருக்கிறார். எழுத்து வேகமாக ஓடுகிறது என்று வாயைத் திறந்து சொல்லியும் இருக்கிறார். பேசவே மாட்டார் என்று நீங்கள் எழுதியிருக்கும் மனிதர் பேசியது அது. நிறுத்திவிட்டு "இவன் வடகொரிய ராணுவ கேப்டன், இவள் தென்கொரியப் பணக்காரி, பாராகிளைடிங் போனவளைச் சூறாவளி தூக்கிக்கொண்டு வந்து இவன் தலையில் போட்டுவிட்டது" என்று கதை சொல்ல உங்களுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்குமா? நானும் இந்த சீரியலெல்லாம் பார்த்தவள்தான். எனக்கும் அந்த எழுத்து வேகமாகத்தான் ஓடியது. என் மருமகள் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னாள், அதனால் பார்த்தேன். அவளும் "அத்தைக்கு ரசனை இல்லை" என்று முடிவு கட்டியிருந்தால் நான் மூன்றாவது நிமிஷமே எழுந்து போயிருப்பேன்.

சரி, நீங்கள் உருகிய ஆட்களிடமே வருகிறேன். அந்த வடகொரிய கேப்டன் ரி ஜாங்-ஹியோக் சந்தைக் கூட்டத்தில் வாசனை மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அந்தக் காட்சியில் நீங்கள் கட்டாயம் அழுதிருப்பீர்கள். அதற்கு முன்னால் நடந்ததை ஏன் மறந்தீர்கள்? அவள் வாசனை மெழுகுவர்த்தி கேட்டபோது அவன் சாதாரண மெழுகுவர்த்தியைத்தானே வாங்கி வந்தான். கரண்ட் போகிற ஊர்க்காரனுக்கு மெழுகுவர்த்தி என்றால் வெளிச்சம், அவனுக்கு வேறென்ன தெரியும்? அவள் "இவனுக்கு ரசனை இல்லை" என்று விட்டுவிடவில்லை. தனக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று வாயால் சொன்னாள். நீங்கள் கடைசியாக உங்கள் கணவரிடம் எதைக் கேட்டீர்கள்? பால் பாக்கெட்டும் பள்ளிக்கூட ஃபீஸும் கணக்கில் வராது. (அந்த நடிகரும் நடிகையும் 2022-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று உடனே எனக்கு எழுதாதீர்கள். அவர்கள் வீட்டில் பாத்திரம் யார் துலக்குகிறார்கள் என்று எந்த எபிசோடிலும் வரவில்லை.)

அப்புறம் குவான்-சிக். அந்தக் கதை நடக்கும் ஜேஜு தீவு முழுக்கத் தேடினாலும் அவனைப் போல ஊமைக்கோட்டான் கிடைக்க மாட்டான். சின்ன வயதில் மீனைக் கொண்டுவந்து கொடுப்பான், சந்தையில் முட்டைக்கோஸ் விற்பான், தான் விரும்பிக் கட்டிக்கொண்ட ஏ-சுன் பக்கத்தில் இருப்பான், பேச மட்டும் மாட்டான். பேசாத புருஷன் கொரியாவில் இருந்தால் காதல், உங்கள் வீட்டில் இருந்தால் ரசனை இல்லாதவரா? புகுந்த வீட்டில் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு பந்தி, அவளுக்கு வேறு பந்தி என்று இருந்தபோது, அவன் பெரியவர்களுக்கு முதுகைக் காட்டிவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தானே, அந்த ஒரு அசைவுக்காகத்தானே ஊர் உலகமெல்லாம் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டாடியது. உங்கள் வீட்டிலும் ஒருவர் திரும்பி உட்கார்ந்தார் அம்மா. முதுகைக் காட்டியது நீங்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். 'கிராஷ் லேண்டிங்' எழுதிய அதே பார்க் ஜி-யூன்தான் 2024-ல் வந்த 'குயின் ஆஃப் டியர்ஸ்' எழுதியதும். முன்னதில் காதல் எப்படி வருகிறது என்று எழுதியவர், பின்னதில் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அது எப்படிக் காய்ந்து போகிறது என்று எழுதினார். வயிற்றிலிருந்த குழந்தையை இழந்த துக்கத்தைப் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்ட இரண்டு பேர். விவாகரத்துப் பேச வந்தவனிடம் அவள் எனக்கு மூன்று மாசம்தான் ஆயுள் என்கிறாள், அந்தப் பாவிக்கு முதலில் வருவது நிம்மதி! இரண்டும் வந்த tvN சேனலிலேயே அதிகம் பேர் பார்த்த சீரியலாக இருந்த 'கிராஷ் லேண்டிங்'கை முந்தியது இதுதான். எத்தனை பேர் அதில் தங்கள் வீட்டைப் பார்த்தார்களோ தெரியாது. உங்கள் வீட்டில் அதன் முதல் எபிசோடு ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் இயர்போனை மாட்டிக்கொண்டு வேறு சீரியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கணவர் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது அவர் தப்பு, அவர் கடிதம் எழுதியிருந்தால் அவருக்கும் இதைவிடக் காரமாகவே பதில் கொடுத்திருப்பேன். பழைய ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளில் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார வேண்டும் என்பது என் கட்சி. அது ஆசையில்லை, கடமை. இஷ்டமிருந்தால் செய்யலாம் என்கிற சமாச்சாரமே கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். 'குயின் ஆஃப் டியர்ஸ்' போடுங்கள். அதில் பணக்கார மாமனார் வீட்டு மூதாதையர் படையலுக்கு வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று சமைக்கும் இடம் ஒன்று வரும், அதற்கு எழுத்தே தேவையில்லை, சிரிப்பார். மற்ற இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லுங்கள். எந்த இடத்தில் தூங்கிப்போனார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.