புவனோஸ் ஐரிஸில் இரண்டு மாதம்: சாவிக்கு முன் பணமா?

கேள்வி: நானும் என் மனைவியும் மதுரையில் வசிக்கும் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர்கள், வயது 63, 60. டெக்சாஸில் வேலை பார்க்கும் எங்கள் மகனுடன் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களும் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் வீடெடுத்துத் தங்க விரும்புகிறோம். டிசம்பர் 31 மாலை போய் இறங்கலாம் என்று எண்ணம். இங்குள்ள முகவர் ஒருவர், 'பலேர்மோ பகுதியில் மூன்று அறை வீடு, பன்னிரண்டாம் மாடி, அருமையான காட்சி' என்று சொல்லி, இரண்டு மாத வாடகையையும் எங்கள் மூவரின் விசாக் கட்டணத்தையும் இப்போதே மொத்தமாக அனுப்பச் சொல்கிறார். தாமதித்தால் வீடு கைநழுவிவிடும் என்கிறார். எங்கள் இருவரிடமும் செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. பணத்தை அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். வீட்டுக்கும் வேண்டாம், விசாவுக்கும் வேண்டாம். ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன். முகவர் அடுத்த முறை தொலைபேசியில் அவசரப்படுத்தும்போது உங்களுக்கு அது உதவும்.

முதலில் 'கைநழுவிவிடும்' என்ற மிரட்டலை எடுத்துக்கொள்வோம். தென்கோளத்தில் டிசம்பர் கடைசி வாரம் முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை கோடைக்காலம். ஜனவரியில் அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை. வசதியுள்ள குடும்பங்கள் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மார் தெல் பிளாத்தா போன்ற கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடும். புவனோஸ் ஐரிஸை ஒட்டி ஓடுவது கடலன்று. லா பிளாத்தா ஆறு. பழுப்பு நிறத்தில் அகன்று கிடக்கும் அந்த ஆற்றில் யாரும் குளிப்பதில்லை என்பதையும், உங்கள் முகவரின் 'அருமையான காட்சி' எதைக் குறிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நகரம் பாதி காலியாகிறது. சிறிய உணவகங்கள் சில வாரங்கள் மூடிக்கிடக்கின்றன. அந்த மாதத்தில் தற்காலிக வாடகை வீட்டுக்குப் பஞ்சம் வருவதில்லை. அவசரம் முகவருக்குத்தான்.

அடுத்தது 'மூன்று அறை'. இந்தச் சொல்லில்தான் நம்மவர்கள் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். அங்கே வீட்டை 'அம்பியன்தே' என்ற கணக்கில் அளப்பார்கள். சமையலறை, குளியலறை நீங்கலாக உள்ள ஒவ்வோர் அறையும் ஓர் அம்பியன்தே. வரவேற்பறையும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே மூன்று அம்பியன்தே என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். இரண்டு அம்பியன்தே என்றால் ஒரே ஒரு படுக்கையறை. 'மோனோஅம்பியன்தே' என்றால் கட்டிலும் சோபாவும் ஒரே அறையில் கிடக்கும். உங்கள் மூவருக்கும் இரண்டு படுக்கையறை போதும். ஆனால் மூன்று படுக்கையறைக்கான விலையை வாங்கிக்கொண்டு மூன்று அம்பியன்தே வீட்டைக் கொடுப்பவர், 'நான் பொய் சொல்லவில்லையே' என்று பிறகு வாதாடுவார். அவர் சொன்னது பொய்யாகவும் இருக்காது என்பதுதான் எரிச்சல்.

பலேர்மோ என்ற பெயரும் அப்படித்தான். நகரத்தில் அதிகாரபூர்வமாக 48 பாரியோக்கள், அதாவது பேட்டைகள், இருக்கின்றன. அவற்றுள் பரப்பில் மிகப் பெரியது பலேர்மோ. பெயருக்கு மவுசு ஏறியதால் தரகர்கள் அதைப் பலேர்மோ சோஹோ, பலேர்மோ ஹாலிவுட் என்று தங்கள் விருப்பப்படி கூறுபோட்டதுடன் நில்லாமல், பக்கத்துப் பேட்டையான வில்யா கிரெஸ்போவையும் 'பலேர்மோ குயின்ஸ்' என்று பெயர் மாற்றி விற்றார்கள். வில்யா கிரெஸ்போ மோசமான பேட்டையன்று. ஆனால் பலேர்மோ விலையை அதற்கு ஏன் கொடுக்க வேண்டும்? தெருப்பெயரையும் கதவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அங்கே ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் நூறு எண் என்ற ஒழுங்கு இருப்பதால், எண் கிடைத்தவுடன் வீடு எந்த மூலையில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிடலாம். எண்ணைத் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. உங்கள் வயதுக்கு ரெக்கொலேத்தா, பெல்கிரானோ, காபாயித்தோ ஆகிய மூன்றையும் பாருங்கள். மருந்துக்கடை, காய்கறிக்கடை, பூங்கா எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும்.

பன்னிரண்டாம் மாடி மட்டும் வேண்டவே வேண்டாம். ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 30 பாகையை ஒட்டியே இருக்கும். மதுரைக்காரருக்கு இது ஒரு வெயிலா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வெப்ப அலை வரும் நாள்களில் நகரத்தின் மின்சாரம் தாங்குவதில்லை. 2022 ஜனவரி 11 அன்று வெப்பம் 41 பாகையைத் தாண்டியபோது ஏறத்தாழ 7 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றுபோனது. மின்சாரம் நின்றால் குளிர்சாதனம் மட்டுமா நிற்கும்? மின்தூக்கி நிற்கும், மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் நிற்கும். பன்னிரண்டு மாடி ஏறி, குழாயில் தண்ணீர் இல்லாத வீட்டுக்குள் நுழையும் நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். மூன்றாம் மாடிக்குள் வீடு தேடுங்கள். விளம்பரத்தில் 'கோந்த்ராஃபிரெந்தே' என்று இருந்தால் வீடு தெருவைப் பார்க்காமல் பின்பக்கம் பார்த்திருக்கிறது என்று பொருள். காட்சி இராது, இரவில் பேருந்துச் சத்தமும் இராது. இரண்டு படுக்கையறையிலும் குளிர்சாதனம் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூடத்தில் ஒன்றை மாட்டிவிட்டு 'குளிர்சாதன வசதியுண்டு' என்று எழுதுவது அங்கும் வழக்கம்தான்.

இனிப் பணத்தின் நடைமுறை. தற்காலிக வாடகை வீடுகளுக்கு, தங்கப்போகும் காலம் முழுவதற்குமான வாடகையையும் ஒரு முன்வைப்புத் தொகையையும் டாலர் நோட்டாகக் கேட்பது அந்த ஊர் வழக்கம். அப்படிக் கேட்பதாலேயே ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. எப்போது கேட்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நேர்மையான உரிமையாளர் சாவியைக் கொடுக்கும் நாளில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசையில் கேட்பார். மற்றவர் மாதங்களுக்கு முன்பே, ஏதோவொரு நாட்டிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார். அந்தப் பணம் போனால் மதுரையில் புகார் கொடுத்தும் பயனில்லை, புவனோஸ் ஐரிஸில் கொடுத்தும் பயனில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு தொகையை அனுப்பிவிட்டு, குறித்த முகவரியில் போய் நின்றபோது அங்கே ஒரு பல் மருத்துவமனை இருந்தது. அதனால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் நான்கு இரவுகளுக்கு மட்டும் ஒரு ஹோட்டலைப் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டவர் வெளிநாட்டு அட்டையால் ஹோட்டல் கட்டணத்தைச் செலுத்தினால் 21 சதவீத மதிப்புக்கூட்டு வரி கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். அந்த நான்கு நாள்களில் முன்பே பேசிவைத்த மூன்று, நான்கு வீடுகளை நேரில் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், மின்தூக்கியில் ஏறி இறங்குங்கள். பிடித்த வீட்டுக்குச் சாவியை வாங்கும்போது பணத்தைக் கொடுத்து, முன்வைப்புத் தொகை தனியாகக் குறிக்கப்பட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். தரகர் வழியாக எடுத்தால் அவருடைய 'மத்ரிகுலா', அதாவது நகரத் தரகர் சங்கத்தின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். குசிக்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சங்கத்தின் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குத் தரகுத் தொழில் செய்யும் உரிமை இல்லை. 'கரந்தியா' என்ற பெயரில் யாராவது பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். நகரத்தில் சொந்த வீடுள்ள ஒருவர் உங்களுக்காகப் பிணை நிற்பதைக் குறிக்கும் சொல் அது. ஆண்டுக்கணக்கில் குடியிருப்பவர்களுக்கான ஏற்பாடு. இரண்டு மாத விருந்தினருக்கு அது பொருந்தாது.

டாலர் நோட்டு என்றவுடன் இன்னொரு தொல்லை. நம் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். மீதியை அட்டையில்தான் கொண்டுபோக வேண்டும். நோட்டு வாங்கும்போது மடிப்பும் கறையும் இல்லாத புதிய 100 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் படம் சிறியதாக அச்சிடப்பட்ட பழைய நோட்டை அங்கே 'காரா சீக்கா', சின்ன முகம், என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். அமெரிக்க அரசு எல்லா நோட்டும் செல்லும் என்கிறது. அங்கே நோட்டை வாங்குபவர் செல்லாது என்கிறார். நடுவில் நிற்பவர் நீங்கள்.

ஃபுளோரிதா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' என்று கூவுகிறவர்களிடம் டாலரை மாற்றினால் அந்நாட்டு நாணயமான பெசோ இரு மடங்கு கிடைக்கும் என்று உங்கள் முகவரோ நண்பர்களோ சொல்லியிருக்கலாம். அது பழைய கதை. 2023இல் அந்நாட்டின் பணவீக்கம் 211 சதவீதமாக இருந்தது. அரசு விலைக்கும் தெரு விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி இருந்தது. 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டைப் பெருமளவு நீக்கியபின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. வாடகை போக மற்றச் செலவுக்கு அட்டையையே பயன்படுத்துங்கள். இருட்டுக் கடைக்குள் போய் நோட்டு எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

விசாவுக்கு வருவோம். செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் இந்தியர்கள் தனியாக அர்ஜென்டின விசா பெறாமலே அந்நாட்டுக்குள் நுழையலாம் என்று 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு அறிவித்துவிட்டது. உங்கள் இருவருக்கும் எதற்கு விசாக் கட்டணம் கேட்கிறார் என்பதை முகவர்தான் விளக்க வேண்டும். உங்கள் மகனிடம் இருப்பது சுற்றுலா விசாவாக இருக்காது, வேலை விசாவாக இருக்கும்; அவர் டிக்கெட் எடுக்குமுன் ஹூஸ்டனில் உள்ள அர்ஜென்டினத் துணைத் தூதரகத்தில் எழுத்து வடிவில் கேட்டுக்கொள்ளட்டும். தூதரக அறிவிப்பின் அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாவிட்டால், வாதாடுவதற்கு உங்களுக்கு அந்தத் தாள்தான் துணை. மூவருக்கும் மருத்துவக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் அந்நாடு கொண்டுவந்த குடியேற்ற விதிகள் அதைக் கேட்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு இப்போது சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் திரும்பி வரும்போது சென்னை விமான நிலையத்தில் உங்களை நிறுத்தப்போவது அதுதான். மஞ்சள் காய்ச்சல். இது மஞ்சள் காமாலை அன்று. கொசுவால் பரவும் வேறு நோய். இந்தக் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளென்று நம் அரசு வைத்திருக்கும் பட்டியலில் அர்ஜென்டினா இருக்கிறது. நோய் அபாயம் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள மிசியோனெஸ் போன்ற மாகாணங்களில்தான். புவனோஸ் ஐரிஸ் நகரில் இல்லை. ஆனால் பட்டியலில் எழுதப்பட்டிருப்பது நாட்டின் பெயர். 'ஐயா, நாங்கள் வடக்கே போகவேயில்லை' என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, அதிகாரி தடுப்பூசிச் சான்றை நீட்டச் சொல்வார். சான்று இல்லாவிட்டால், அர்ஜென்டினாவைவிட்டுப் புறப்பட்டு ஆறு நாள்களுக்குள் வந்திறங்குபவரை ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்த விதி இடம் தருகிறது.

இதில் ஒரு விலக்கை எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டியலில் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் விமானம் மாறும்போது வெளியே போகாமல் உள்ளேயே இருந்தவருக்குச் சுகாதார அதிகாரி சம்மதித்தால் விலக்கு உண்டு. 'நாங்கள் சாவோ பாவுலோவில் விமானம் மாறினோம், வெளியே போகவில்லை' என்று சொல்லித் தப்பலாமென்று சிலர் நினைக்கிறார்கள். பிரேசிலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நீங்கள் புறப்பட்டதே பட்டியலில் உள்ள இன்னொரு நாட்டிலிருந்துதானே? உங்களுக்கு உதவக்கூடியது அந்த ஆறு நாள் கணக்குதான். பிப்ரவரி இறுதியில் மகனோடு டெக்சாஸ் சென்று பத்து நாள் தங்கிவிட்டு இந்தியா திரும்பினால், அர்ஜென்டினாவைவிட்டு வந்து ஆறு நாள்கள் கடந்துவிடும். சான்று கேட்கும் விதி உங்களைத் தொடாது. நேரே ஊர் திரும்பினால் தொடும்.

தடுப்பூசியே போட்டுக்கொள்ளலாமே என்றால், போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டால்தான் சான்று செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். இக்வாசு அருவிக்குப் போகும் எண்ணமிருந்தால் அது மிசியோனெஸில்தான் இருக்கிறது. அப்போது ஊசி வெறும் தாளுக்காக அன்று, உடம்புக்காகவே தேவைப்படும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல் முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசி முடிவெடுத்துவிட்டு, கிண்டி கிங் நிறுவனம் போன்ற அரசு அங்கீகரித்த மையத்துக்குப் போங்கள். ஊசி போடாமலே மஞ்சள் அட்டை, அதாவது அந்தத் தடுப்பூசிச் சான்று, வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரும் ஊரில் உண்டு. உங்களுக்கு விசாக் கட்டணம் சொன்னவரே அதையும் சொன்னால் நான் வியப்படைய மாட்டேன்.

கொசுவைப் பற்றிச் சொன்னதால் டெங்குவையும் சொல்லிவிடுகிறேன். 2023–24 பருவத்தில் அர்ஜென்டினா முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது; பிப்ரவரிக்குப் பிறகு அது உச்சத்துக்குப் போகும். கொசு விரட்டிக் களிம்பை இங்கிருந்தே எடுத்துச்செல்லுங்கள்.

கடைசியாக, டிசம்பர் 31 மாலை இறங்கும் திட்டத்தை மாற்றுங்கள். புத்தாண்டுக்கு முந்தைய மாலையில் சுரங்க ரயில் சீக்கிரமே நின்றுவிடும், பேருந்துகள் அரிதாகிவிடும், எஸெய்ஸா விமான நிலையமோ நகர மையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அன்றும் மறுநாளும் எந்த உரிமையாளரும் குடும்பத்தை விட்டுவிட்டு வீடு காட்ட வர மாட்டார். ஜனவரி 2ஆம் தேதி காலையில் இறங்குவதுபோல டிக்கெட் எடுங்கள்.