சிவில் இன்ஜினியரிங் முடித்த பையன் லா படிக்கப் போகிறேன் என்றால்

அக்கா, போன சனிக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து பையனின் மார்க் ஷீட்டையெல்லாம் ஜவுளிக்கடைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து, "சிவிலு முடிச்சிட்டான் சார், இப்ப லா படிக்கறேன்றான், இன்னா சார் பண்றது?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஆள் கூட்டம் அதிகம், சரியாகப் பேச முடியவில்லை. பையன் வழிதவறிப் போகவில்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான் குழம்பியிருக்கிறான்.

நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது அவனிடம் கேட்டேன். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பில் ஒரு பிளாக் இடிந்து விழுந்ததே, விரிசலைப் பார்த்து முன்கூட்டியே சனங்கள் வெளியே வந்ததால் உயிர் தப்பினார்களே, அதிலிருந்து "இதுக்கெல்லாம் யார் சார் கையெழுத்து போடறது?" என்ற கேள்வி அவன் மண்டையைக் குடைகிறதாம். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு விடை தேட கறுப்பு கோட்டு வேண்டாம், எம்-புக் போதும். அரசு வேலை நடக்கும் இடத்தில் உதவிப் பொறியாளர் டேப் பிடித்து நீளம், அகலம், கனம் அளந்து கையால் எழுதும் அளவுப் புத்தகம் அது. அதில் ஏறாத ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கும் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸாகாது, மேலதிகாரி வந்து சரிபார்த்தும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கும் முன்னால் டெண்டர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் விதிப்படி 2 கோடி வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும், குறைத்தால் ஏன் என்று மேலதிகாரி எழுதிவைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கு உரிமச் சட்டம் 1965-லேயே வந்துவிட்டது, ஆனாலும் 2004-ல் கும்பகோணத்தில் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகளை இழந்தோம். 2019-லிருந்து ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இருக்கின்றன. நம் ஏரியாவிலேயே ஒரு அலுவலகத்தில் சாய்தளம் பார்த்தேன், 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டிய இடத்தில் நாலடியில் முடித்திருக்கிறார்கள், சக்கர நாற்காலி என்ன, சைக்கிளைத் தள்ளினாலே மூச்சு வாங்கும். வரைபடம் போட்டவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டார். இந்த இடத்தில்தான் உங்கள் பையனைப் போல ஆள் வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணித் தேர்வில் உதவிப் பொறியாளர் பதவிக்கு அவன் எழுதட்டும், அடிப்படைச் சம்பளமே 37,700-இல் தொடங்குகிறது. (டிப்ளமோ முடித்த உங்கள் தங்கச்சி மகனுக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் பதவி இருக்கிறது, சொல்லுங்கள்.) தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள், இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இதில்தான் கவிழ்கிறார்கள். கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்காதீர்கள். நான் சொன்ன சட்டம், விதி எல்லாம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது, எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து தினம் ரெண்டு மணி நேரம் படித்தால் போதும். ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்காமல் ஏதாவது கான்ட்ராக்டரிடம் பில்லிங் வேலையில் சேரட்டும், சம்பளம் கம்மிதான், ஆனால் அளவெடுக்கக் கை பழகிவிடும்.

லா? மூன்று வருடம், தபாலில் முடியாது, நேரில் வகுப்புக்குப் போகணும். பாரிமுனையில் இருந்த சட்டக் கல்லூரியும் 2018-லேயே பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது, தண்டையார்பேட்டையிலிருந்து தினம் போய்வருவது லேசில்லை. ரெண்டு தடவை டிஎன்பிஎஸ்சி எழுதிப் பார்க்கட்டும், அப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால் நானே ஃபார்ம் நிரப்பித் தருகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள் அக்கா. அந்தப் பையை அவனே தூக்கிக்கொண்டு வரட்டும்.