கூடாரத்தை ஆற்றிலிருந்து தள்ளிப் போடுங்கள்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 3 ஆண்டுகள் ஆகின்றன. ஜூன் முதல் வாரத்தில் இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்க என் கணவர் ஏற்பாடு செய்கிறார். தண்ணீரை ஒட்டியே கூடாரம் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது, வேகமாக நடக்கவும் வராது. "காவிரியில் குதித்து வளர்ந்தவன் நான், என்னோடு வர என்ன பயம்?" என்கிறார். நான் போகாமல் இருந்துவிடலாமா? – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அன்புச் சகோதரி, அவசியம் போய்வாருங்கள். கூடாரம் போடும் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவருக்குப் பழக்கமான ஆறு வேறு. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். திறந்த செய்தி பத்திரிகையில் வந்துவிடும், தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேர நாட்கள் ஆகும். இமயமலை ஆற்றுக்கு அப்படி முன்னறிவிப்பு கிடையாது. பகல் வெயிலில் மேலே உருகும் பனி, மாலையில்தான் பள்ளத்தாக்குக்கு வந்து சேரும். காலையில் முழங்காலளவு இருந்த இடத்தில் இருட்டும்போது இடுப்பளவு ஓடலாம். அந்தத் தண்ணீரின் குளிரும் நம் ஊர்க்காரர்கள் அறியாதது. உள்ளே விழுந்த நொடியில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் கை கால் மரத்துப் போகும். காவிரியில் கற்ற நீச்சல் அங்கே கைகொடுக்கும் என்று நம்பி இறங்கவே கூடாது.

டெல்லியிலிருந்து மணாலி போகும் பஸ்ஸில் போனால் ஔட்டில் இறங்கி, பஞ்சார் சாலையில் திரும்புவீர்கள். வழியில் லார்ஜி அணை வரும். தீர்த்தன் ஆறு பியாஸ் ஆற்றில் கலப்பது அங்கேதான். 2014 ஜூன் 8-ஆம் தேதி மாலை, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள், அந்த அணைக்குக் கீழே தலோட் அருகில் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களை ஆறு கொண்டுபோய்விட்டது. இன்றும் நினைத்தால் மனம் பதறுகிறது. தீர்த்தனில் அதுபோன்ற பெரிய அணை இல்லை என்பது உண்மை. ஆனால் பனி உருகுவதும், நம் கண்ணுக்குத் தெரியாத மலையில் மழை கொட்டுவதும் அங்கேயும் உண்டு.

நானும் என் கணவரும் பல ஆண்டுகளுக்கு முன்பு குல்லு மாவட்டத்தின் பார்வதி ஆற்றங்கரையில் தங்கினோம். நாங்கள் தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில் கூடாரத்தை விரிக்கத் தொடங்க, எங்களுக்கு வழிகாட்ட வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துத் தண்ணீரின் விளிம்பில் வைத்துவிட்டு, அடுப்பு மூட்டப் போய்விட்டார். அப்போது மணி நான்கு. ஆறரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தோம். கல்லின் மேல் நுரைத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது, கல் ஓர் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. வாய் பேசாமல் இருவரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம்.

ஆகவே, இருட்டுவதற்கு வெகுநேரம் முன்பே இடம் பாருங்கள். கரையோரப் புதர்களிலும் பாறை இடுக்குகளிலும் காய்ந்த சுள்ளிகளும் புல்லும் சிக்கியிருக்கும். முன்பு வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த மட்டத்துக்கு நன்றாக மேலே, தண்ணீரிலிருந்து சுமார் 200 அடி தள்ளிக் கூடாரம் போடுங்கள். ஆற்றின் நடுவே இருக்கும் மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலும், இரைச்சல் மாறினாலும் பொருள்களை விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள். அத்தனை தூரத்திலிருந்தும் இரவு முழுக்க ஆற்றின் ஓசை கேட்கும். அவர் ஆசைப்படுவது அதைத்தானே?

நடையைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தீர்த்தன் பள்ளத்தாக்கின் குஷைனி கிராமத்திலிருந்து, கூடாரம் போடும் இடமான ரோலா வரை ஆற்றை ஒட்டிச் செல்லும் பாதை ஒரு பகல் நடைதான். மலைநோய் வாட்டும் உயரமும் இல்லை. ரோலா, கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த காடு அது. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நீங்கள் முன்னால், உங்கள் கணவர் பின்னால். மெதுவாக நடப்பவர் முன்னே போனால்தான் இருவரும் பிரியாமல் நடக்க முடியும். இதை இப்போதே அவரிடம் பேசி முடித்துவிடுங்கள். வழியில் மூச்சு வாங்கும்போது பேசினால் சண்டையில்தான் முடியும்.

நீங்கள் எழுதத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் கழிப்பறை எதிர்பார்க்க முடியாது. களைக்கொத்து ஒன்று எடுத்துப் போங்கள். ஆற்றிலிருந்து 200 அடி தள்ளி அரையடிக் குழி தோண்டி, பிறகு மூடிவிடலாம். சானிட்டரி நாப்கினை மட்டும் புதைக்காமல், பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த ஆற்றைத்தான் கீழே உள்ள ஊர்க்காரர்கள் குடிக்கிறார்கள். உங்கள் குடிநீரையும் நன்றாகத் தளதளவென்று 3 நிமிடம் கொதிக்கவிட்டே குடியுங்கள். ஜூனிலும் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

பயணத்தை ஜூன் கடைசிக்குத் தள்ளாதீர்கள், மழைக்காலம் வந்துவிடும். 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்துச் சாலைகளையே அடித்துப் போனது.

ரோலா போய்ச் சேர்ந்ததும், மாலை நான்கு மணிக்கு உங்கள் கணவர் கையாலேயே ஒரு கல்லைத் தண்ணீர் விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் இருவருமாகப் போய்ப் பாருங்கள். விடியற்காலையில்தான் ஆறு தாழ்ந்து ஓடும். அப்போது தேநீரை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கி, அவர் ஆசைப்பட்டபடியே தண்ணீருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.