ஆல்ப்ஸுக்குப் போங்கள், மைத்துனருக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் பக்கத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். பையனுக்கு 11 வயது, மகளுக்கு 7. என் சம்பளம், மனைவியின் பகுதி நேரச் சம்பளம், பிள்ளைகளுக்கான அரசுத் தொகை எல்லாம் சேர்த்து மாதம் 4,900 யூரோ கைக்கு வருகிறது. சேமிப்பு 9,000. அடுத்த ஆகஸ்டில் இரண்டு வாரம், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா என்று ஆல்ப்ஸ் முழுக்கக் கேம்பிங் போட்டபடியே சுற்றிவர ஆசை. ஃபுர்கா, ஸ்டெல்வியோ கணவாய்கள், டோலமைட்ஸ் மலைகள், குரோஸ்குளோக்னர் மலைச்சாலை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மனைவியின் அண்ணன் குடும்பம் நாலு பேரும் வருகிறார்கள். "வாடகை வண்டி வீண். 42,000 யூரோவுக்கு நல்ல பழைய கேம்பர் வேன் ஒன்று இருக்கிறது, ஆளுக்குப் பாதி போட்டு வாங்குவோம்" என்கிறார் மைத்துனர். அவருடைய ஷூஃபா பதிவு (ஜெர்மனியில் ஒருவரின் கடன் வரலாறு) மோசம் என்பதால் கடன் என் பெயரில். முன்பணம் 6,000 நான் போட வேண்டும். தவணை 500, அதில் 250 அவர் தருவாராம். நாம் போகாத நாட்களில் வாடகைக்கு விட்டால் தவணை அதிலேயே வந்துவிடும் என்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்காக என் பெயரில் எடுத்த 12,000 கடனில் இன்னும் 6,400 பாக்கி. ஏழு மாதம் ஒழுங்காகத் தந்தார், அப்புறம் விட்டு விட்டு வருகிறது. இதுவரை மொத்தம் 3,500 தந்திருப்பார். என் வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்த 2,000 ஓவர்டிராஃப்ட் எப்போதும் நிற்கிறது. அடுத்த வாரம் கையெழுத்து. பயமாக இருக்கிறது, வீட்டில் சொல்லவும் முடியவில்லை.

பதில்: உங்கள் பயம் சரியான பயம்தான். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயணத்தில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. வட்டி, தவணை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கவும் தேவையில்லை. ஆனால் உங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உங்கள் பெயரை அடுத்தவருக்கு இரவல் கொடுக்கிறீர்கள்.

பழைய கடனையே பாருங்கள். 12,000 யூரோ, நாலு வருடம், சுமார் 7 சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை 287. இருபத்துநாலு மாதத்தில் கிட்டத்தட்ட 6,900 கட்டியாயிற்று. மைத்துனர் தந்தது 3,500. மீதி 3,400 உங்கள் வீட்டுச் செலவிலிருந்து போயிருக்கிறது. 2,000 ஓவர்டிராஃப்ட் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று யோசித்திருப்பீர்கள். அது இங்கிருந்து வந்த ஓட்டை. அதற்கு வங்கி 11 சதவீதம் போட்டால்கூட வருடம் 220 யூரோ. அவருடைய கடனுக்கு நீங்கள் வட்டிக்கு வட்டி கட்டுகிறீர்கள்.

ஷூஃபாவில் ஒருவர் பதிவு மோசமாக இருப்பது அவர் கெட்டவர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. வேலை போயிருக்கலாம், நோய் வந்திருக்கலாம். ஆனால் இவருக்குக் கொடுத்த பணம் நேரத்துக்குத் திரும்பி வரவில்லை என்று முன்பு கொடுத்தவர்கள் எழுதிவைத்த பதிவு அது. உங்கள் வீட்டிலும் அதே கதை நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த 36,000 கடனில் மட்டும் அது மாறும் என்று நம்ப எந்தக் காரணமும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை.

சரி, வண்டிக் கணக்குக்கு வருவோம். 36,000 யூரோ, எட்டு வருடம், 7.5 சதவீதம் என்றால் தவணை 500 சரியாக வருகிறது. மொத்தம் 48,000 கட்டுவீர்கள், வட்டி மட்டும் 12,000. விற்பவர் இன்னொரு தாளையும் நீட்டுவார்: "மாதம் 350தான், கடைசியில் 20,000 ஒரே தவணை." இப்போது எல்லா வண்டிக் கடைகளிலும் ஓடுகிற திட்டம் இது. கூட்டிப் பாருங்கள்: 33,600, அதோடு 20,000, மொத்தம் 53,600. வட்டி 17,600 ஆகிவிடுகிறது. தவணையைக் குறைத்துக் காட்டுவதற்காக 5,600 யூரோ கூடுதலாக வாங்குகிறார்கள். அந்த 20,000 எங்கிருந்து வரும் என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்தத் தாளைக் கையில்கூட வாங்காதீர்கள்.

இப்போது ஒரு வருடச் செலவு. எட்டு வருடத்தில் வண்டி 42,000இலிருந்து 24,000க்கு இறங்கினால் வருடம் 2,250 மதிப்புக் குறைவு. வட்டி சராசரி 1,500. காப்பீடு, வரி, குளிர்காலத்தில் நிறுத்தும் இடம், டயர், பரிசோதனை எல்லாம் சேர்த்துச் சுமார் 2,500. ஆக 6,250. கோடையில் இரண்டு வாரம், அப்புறம் ஐந்து வார இறுதிகள் என்று தாராளமாகவே வைத்தால் 24 இரவு. ஒரு இரவுக்கு 260 யூரோ. கேம்பிங் இடத்துக்குத் தருகிற வாடகை இது போகத் தனி. உச்சப் பருவத்தில் இதே மாதிரி வண்டியை நாள் ஒன்றுக்கு 150 யூரோ அளவில் வாடகைக்கு எடுக்கலாம். வீண் என்று மைத்துனர் சொல்கிற அந்த வாடகைதான் மலிவு.

"வாடகைக்கு விடுவோம்" என்ற யோசனையை மூன்று வருடமாகப் பல கடிதங்களில் பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் அது நிற்காது. உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்கில் பள்ளிக் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முன்பாதியில் முடிகிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஆறு வாரம்தான், மைத்துனர் பிள்ளைகளுக்கும் அதுதான், நல்ல வாடகை கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பங்களுக்கும் அதேதான். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் தேவைப்படுகிற பொருளில் பாதிப் பங்கு வாங்கி என்ன பயன்? மேலும், வாடகை வாகனமாகப் பதிவு செய்தால் தொழில்நுட்பப் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் வரும். சாதாரணக் காப்பீடு வாடகைக்காரர் ஓட்டும்போது கைகொடுக்காது. எப்போதாவது விட்டால்கூட, செலவு போக வருடம் 256 யூரோவைத் தொட்டுவிட்டால் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இன்னொன்று. அந்த வண்டியில் படுக்கை நாலுதான் இருக்கும், நீங்கள் எட்டுப் பேர். சாதாரண கார் உரிமத்தில் 3.5 டன் வரைதான் ஓட்டலாம். குடும்பக் கேம்பர் வெறுமனே நிற்கும்போதே மூன்று டன்னுக்குப் பக்கத்தில் இருக்கும். நாலு பேர், நூறு லிட்டர் தண்ணீர், சைக்கிள், மேசை நாற்காலி என்று ஏற்றினால் எல்லையைத் தாண்டிவிடும். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் வழியில் நிறுத்தி எடை போடுகிறார்கள். ஆக, வண்டி வாங்கினாலும் ஒரு குடும்பத்துக்கு டென்ட்தான்.

இப்போது பயணம். உங்கள் பட்டியல் இரண்டு வாரத்துக்கு நீளம். தினம் ஒரு இடத்தில் டென்ட்டைப் பிரித்துக் கட்டினால் ஏழு வயதுக் குழந்தை மூன்றாம் நாளே சோர்ந்துவிடும், உங்கள் பெட்ரோலும் பறக்கும். என் யோசனை, இந்த முறை சுவிட்சர்லாந்தை விட்டுவிடுங்கள். அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான கட்டணச் சீட்டு, விக்னெட், வருடத்துக்கு ஒன்றுதான், 40 பிராங்க். ஒரு நாளுக்கு என்று கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங் அங்கே செல்லாது, சில சிம்களில் வீட்டுக்கு வந்ததும் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்போம். சாப்பாட்டு விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதற்குப் பதில் இப்படிப் போங்கள்: ஃபெர்ன் கணவாய், லாண்டெக், ரெஷன் கணவாய் வழியாக இறங்கி இத்தாலியின் தெற்கு டிரோலில் பிராட் பக்கம் நாலு இரவு. அங்கிருந்து ஒரு நாள் காலையிலேயே ஸ்டெல்வியோ ஏறலாம். அந்தப் பக்கத்தில்தான் எண் எழுதிய 48 கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கின்றன, உச்சி 2,757 மீட்டர். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். அடுத்து டோப்லாக் பக்கம் ஐந்து இரவு, டோலமைட்ஸுக்கு. அங்கே ட்ரே சிமே என்ற மூன்று சிகரங்களுக்கு ஏறும் தனிச் சாலைக்கு 40 யூரோ அளவில் ஆகும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கடைசி நாலு இரவு ஆஸ்திரியாவில் ஹைலிகென்புளூட் பக்கம், அப்புறம் குரோஸ்குளோக்னர் சாலை வழியாக வீடு. 1935இல் திறந்த சாலை அது, 48 கிலோமீட்டர், 36 வளைவுகள். காருக்கு 40 யூரோவுக்கு மேல் வாங்குகிறார்கள், ஆனால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

கணக்கு உங்கள் குடும்பத்துக்கு மட்டும், தோராயமாக: 13 இரவு, இரவுக்கு 50 என்று 650. சுற்றி அலைவதையும் சேர்த்து 1,600 கிலோமீட்டர், பெட்ரோல் 220. ஆஸ்திரிய விக்னெட், சாலைக் கட்டணம், பார்க்கிங் 150. சாப்பாடு 700. கேபிள் கார், நீச்சல் குளம் 350. டென்ட், தூங்கும் பை, அடுப்பு 500. கூட்டினால் 2,570.

தூங்கும் பையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நாலு வருடத்துக்கு முன் டோப்லாக் பக்கம் நான் பிடித்தேன். ஆகஸ்ட் மாதம்தானே என்று மலிவான மெல்லிய பைகளோடு போனோம். இரவு நாலு டிகிரிக்கு இறங்கியது. மகள் இரண்டு ஸ்வெட்டரும் என் சாக்ஸும் போட்டுக்கொண்டு டென்ட் துணியில் படிந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தபடி தூங்காமல் கிடந்தாள். காலையில் கம்பளி வாங்க 180 யூரோ ஆனது. பையின் உள்பக்கச் சீட்டில் "வசதியான வெப்பநிலை" என்று ஓர் எண் இருக்கும். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருக்கிற கடைசி எல்லை எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தேதியை ஆகஸ்ட் 25க்குப் பிறகு வையுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை நாள், அந்த வாரம் இடமும் கிடைக்காது, விலையும் இறங்காது. உங்கள் மாநில விடுமுறை பிந்தி முடிவது இங்கே உங்களுக்குக் கிடைத்த யோகம். ஜனவரியிலேயே இடம் பதிவு செய்யுங்கள். வழியில் எங்காவது ஓரங்கட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம், ஆஸ்திரியாவின் டிரோலில் கேம்பிங் இடத்துக்கு வெளியே தங்கினால் அபராதம். ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் குடும்பமாகச் சேர்ந்துவிடுங்கள். மலையிலிருந்து மீட்கும் செலவு 25,000 யூரோ வரை அந்த உறுப்பினர் காப்பீட்டில் வரும். அரசு மருத்துவக் காப்பீட்டை நம்பி ஹெலிகாப்டரில் ஏற முடியாது.

பணம் எங்கே என்கிறீர்களா? உங்கள் பங்காக மாதம் 250 கட்ட முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைத் தனிக் கணக்கில் பத்து மாதம் போடுங்கள், 2,500. எழுபது யூரோ துண்டு விழுகிறது, ஒரு மலையில் கேபிள் காரை விட்டு நடந்து ஏறினால் சரியாகிவிடும். முன்பணத்துக்கு வைத்திருந்த சேமிப்பிலிருந்து இன்றைக்கே 2,000 எடுத்து ஓவர்டிராஃப்ட்டை அடைத்துவிடுங்கள். வங்கியில் சொல்லி அந்த வரம்பையும் 500க்குக் குறைக்கச் சொல்லுங்கள். மீதி 7,000 அவசரத்துக்கு, தொடக்கூடாது. பழைய கடன் அதன் வழியில் முடியட்டும்.

மைத்துனரிடம் நீங்கள் தனியாகப் பேசாதீர்கள். முதலில் மனைவியிடம் 3,400 என்ற எண்ணைக் காட்டுங்கள். பல வீடுகளில் இந்தத் தொகை மனைவிக்குத் தெரியவே தெரியாது, தெரிந்தால் அண்ணனிடம் பேசப்போவது அவர்தான். பிறகு இரண்டு பேருமாகச் சொல்லுங்கள்: "மச்சான், வண்டி வேண்டாம். நீங்களும் டென்ட் எடுத்து வாங்க, பக்கத்துப் பக்கத்து இடமாகவே பதிவு செய்வோம், அவரவர் செலவு அவரவருக்கு. பழைய பாக்கிக்கு மாதம் 150 உங்கள் வங்கியிலிருந்து தானாக வருகிற மாதிரி போட்டுவிடுங்க." தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முகம் சுளிப்பார், ஒரு மாதம் பேசாமலும் இருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது தவணையில் வருகிற சண்டை இதைவிடப் பெரிது.

ஒருவேளை இந்தப் பதிலைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தால்: ஜெர்மனியில் நுகர்வோர் கடன் ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். வண்டி விற்றவர் வழியாகவே ஏற்பாடு செய்த கடன் என்றால், கடனோடு சேர்ந்து வண்டி ஒப்பந்தமும் கலையும். தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாமல் எழுத்தில் அனுப்புங்கள், பதிவுத் தபாலில், அனுப்பிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதுவரை வண்டியைக் கடை வாசலிலிருந்து எடுக்காதீர்கள்.